பச்சைப் பொத்தானில் இரண்டு ஒயர்கள்

பலகை என் மேசைமேல் இருந்த வரைக்கும் அந்தச் சத்தத்துக்கு நான் பயப்படவில்லை. மைக்ரோகண்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிப் பலகைக்கு மின்சாரம் கொடுத்ததும், அதோடு இணைந்த ரிலே என்ற சுவிட்ச் ஒருமுறை 'டிக்' என்று மூடி, அதாவது இணைப்புக் கொடுத்து, மறுபடி திறக்கும். பிறகுதான் என் நிரல் வேலையைத் தொடங்கும். ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. தமிழ் எம்.ஏ. படிப்பவள் இவ்வளவு செய்ததே பெரிது என்று இருந்துவிட்டேன்.

பலகை, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் அனுப்பியது. அவன் போனபின் மோட்டார் போட அப்பா மட்டுமே வயலுக்கு நடந்தார். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அவருக்கோ முழங்கால் வலி. வீட்டிலிருந்து கைப்பேசியில் தகவல் அனுப்பினால் ரிலே மூடி, ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்திய பலனைத் தர வேண்டும். அதற்காகப் பொத்தானிலிருந்து இரண்டு ஒயர்களை ரிலேவுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

ஒயர்களை மாட்டிய அன்று மாலை மின்சாரம் இல்லை. நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது. அப்பா பம்புக்குத் தண்ணீர் ஊற்றி, துண்டைப் பெல்ட்டின்மேல் போட்டுவிட்டு, புல்லிச் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். மின்சாரம் போனால் எப்போதும் செய்வதுதான். திடீரென்று வந்தாலும், பச்சைப் பொத்தானை ஒருவர் அழுத்தாமல் மோட்டார் ஓடாது.

"அந்த வாளிய எடும்மா" என்று புல்லியிலிருந்து கையை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

பல்பு எரிந்தது. டிக். மோட்டார் உறுமியது. துண்டு புல்லிக்குள் இழுபட்டு நார்நாராகத் தெறித்தது.

சிவப்புப் பொத்தானை இரண்டாம் முறைதான் என்னால் சரியாக அழுத்த முடிந்தது.

அப்பா சிரித்தார். "தானா போட்டுக்கிச்சு பாரு! போனு கூட வேணாம் போலருக்கே."

"நான் போடலப்பா."

"யாரு போட்டா என்ன, தண்ணி வந்தா சரி."

"உங்க கை அதுல இருந்திருந்தா?"

அவர் புல்லியைப் பார்த்தார். விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஒயர்களைக் கழற்றினேன்.

வீட்டில் நிரலை வரிவரியாகப் படித்தேன். ரிலே இணைந்த பலகைமுனையை இயக்கும் வரி முதலில். அதை அணைத்துவைக்கும் வரி பின்னால். நடுவில், தகவலை வாங்கும் சிம் கார்டு தயாராகட்டும் என்று நான் கொடுத்த அரை நொடி. அந்த அரை நொடி ரிலே மூடியிருக்கும். ஸ்டார்ட்டர் பிடித்துக்கொண்டு மோட்டாரை ஓடவிட அது தாராளம். வரிகளை இடம் மாற்றினேன். 'டிக்' நின்றது.

"எப்பம்மா மாட்டப்போற? முட்டி கேக்கல" என்கிறார் அப்பா.

"புல்லியத் தொடுறதுக்கு முன்னாடி ஃபியூஸப் புடுங்கி சட்டைப் பையில வச்சுக்குவீங்களா?"

"சரிங்க டீச்சர்."

ஒயர்களை இன்னும் மாட்டவில்லை. பலகையை அணைத்துப் போட்டு, அணைத்துப் போட்டு, வராத சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.