ஜெயஷீலாவின் வயிறு

கல்யாணமாகாத பெண்ணின் வயிறு பெருத்தால் ஊருக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும். எங்கள் சபைக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜெயஷீலாவும் நானும் கிழக்கேகோட்டையில் ஒரே துணிக்கடையில் சேலை விரித்துப் போடுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சபையில் இருவரும் பாடகர் குழு. படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டே கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவள் அவள். போன வருடம் வயிறு உப்ப ஆரம்பித்தது. சாப்பிட்டால் வாந்தி. வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது.

பெண்கள் சங்கத் தலைவி லீலாபாய்தான் பேச்சைத் தொடங்கிவைத்தாள். கமிட்டி கூடியது. ஜெயஷீலா பாட்டுக்கு நிற்கக்கூடாது, அப்பமும் ரசமும் தரும் திருவிருந்துக்கு வரக்கூடாது. கர்ப்பம் இல்லை என்ற பரிசோதனைச் சீட்டைப் போதகரிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் பார்க்கவே இல்லை.

"கொறச்சு நாள் பொறுமையா இரி மோளே. எல்லாம் தன்னால தெரியவருமல்லோ" என்றார், பாதி மலையாளத்தில்.

பத்து மாதம் கணக்குப் போட்டிருப்பார் போலும்.

பக்கத்து கிளினிக் டாக்டர் வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்று ஊசி குத்தி எடுத்தார். பால்போல் வெள்ளையாக வந்தது. அதைப் பார்த்த பிறகும் அந்த மனிதருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வயிற்றுக் காசநோய் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். வயிறு மறுபடி நிரம்பியது.

நான் சண்டை போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். அங்கே டாக்டர் சுப்ரியா ஸ்கேன் படத்தைக் காட்டினார்.

"இது கோத்த நீர் அல்ல, நிணநீர்; அதான் பால்போல வந்தது. குடலைப் பிடிச்சிருக்கிற சவ்வுல நிணநீர்க் குழாய் வீங்கி, அறை அறையா கட்டி ஆயிருக்கு. ரொம்ப அபூர்வம். கேன்சர் அல்ல. பட்சே முழுசா எடுக்கணும், பாக்கி வச்சா திரும்ப வளரும்."

ஜெயஷீலா கேட்ட முதல் கேள்வி: "டாக்டர், இத ஒரு பேப்பர்ல எழுதித் தருவீங்களா? சபையில காட்டணும்."

எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது.

குடலில் ஒரு துண்டோடு சேர்த்துக் கட்டியை முழுசாக எடுத்தார்கள். லீலாபாய் ஏத்தன்பழச் சீப்போடு வார்டுக்கு வந்தாள்.

"நாங்க ஜெபிச்சோம், கர்த்தர் அற்புதம் செஞ்சாரு. எழும்பி நடக்க ஆனதும் நீ சபையில வந்து சாட்சி சொல்லணும், கேட்டியா?"

குணமானவர்கள் எல்லார் முன்னாலும் சாட்சி சொல்வது எங்கள் வழக்கம். மன்னிப்புக் கேட்பது வழக்கத்தில் இல்லை.

திருவிருந்து ஞாயிறன்று ஜெயஷீலா மைக் முன்னால் நின்றாள்.

"என் வயித்துல இருந்தது கட்டி. அத எடுத்தது டாக்டர். பிள்ளைன்னு சொன்னவங்க முன்வரிசையில இருக்காங்க. எதக் கண்டு சொன்னாங்கன்னு அவங்க சாட்சி சொல்லட்டும்."

மைக்கை லீலாபாயின் மடியில் வைத்தாள். ஜெயஷீலா யாரையும் கேட்காமல் பீடத்தின் முன்னால் போய் முழங்கால் போட்டாள். போதகர் கமிட்டிக்காரர்களைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்தாள். அவர் அப்பத்தை வைக்கும்வரை நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.