எதிர்வீட்டுக் கேமராவுக்கு முன்னால் ஒரு சேலை

எதிர்வீட்டுச் செல்வராசு அண்ணன் போன மாதம் ஒரு கேமரா மாட்டினார். அது பார்ப்பது அவர் வாசலை அல்ல, எங்கள் வாசலை. இங்கே எது அசைந்தாலும் அவர் போனில் மணி அடிக்கும்.

நேற்று என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். முடிவாகும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றிருந்தோம்.

இன்று காலை மளிகைக் கடையில், நாலு பேர் நடுவே அவர் கேட்டார்: "ஏன் அம்மிணி, பொண்ணு பாக்க வந்தவங்க சீக்கிரமே கெளம்பிட்டாங்களாட்ட இருக்குது? போன்ல பாத்தேன்."

என் பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கேமராவுக்கு நேரே கொடி கட்டி, ஒரு சேலையை நனைத்து விரித்தேன். சேந்தமங்கலத்து மலைக்காற்று மீதியைப் பார்த்துக்கொண்டது.

மதியம் அண்ணன் தன் லாரி ஆபீஸிலிருந்து ஓடிவந்தார். "அந்தச் சேலைய எடுத்துரு அம்மிணி. போன் ஓயாம அடிக்குது, ஒரு லோடு பேச முடியல."

"எங்க வாசல்ல எங்க சேலை காயுதுங்கண்ணா. நீங்க எதுக்குங்க அதைப் பாக்கறீங்க?"

விறுவிறுவென்று தன் வீட்டுக்குப் போனார். ஏணி போட்டு ஏறிக் கேமராவைத் தன் வாசல் பக்கம் திருப்பினார். மகள் ஜன்னலில் நின்று, அவர் இறங்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

சேலை எப்போதோ காய்ந்துவிட்டது. எடுக்கத்தான் மனசு வரவில்லை. நீங்களாக இருந்தால் எடுப்பீர்களா?