நீலத் துணி கட்டிய கிளை

"அப்பா, வண்டி போன பிறகும் ரோட்டுல கிளை கிடக்குதே. அதை யாரு எடுப்பாங்க?"

ஒரியெமாவின் மகள் அபியோ ஐந்து வயதில் கேட்டது. உகாண்டாவில் வண்டி வழியில் நின்றுவிட்டால், வருகிறவர்களை எச்சரிக்க இலையும் தழையுமாகக் கிளைகளை வெட்டிச் சாலையில் போடுவார்கள். போட்டவன்தான் எடுக்க வேண்டும். பெரும்பாலும் எடுப்பதில்லை.

"தானா காஞ்சு போயிடும்மா" என்று சொல்லிவிட்டார் ஒரியெமா.

இனி வருவது உண்மையாக நடந்தது. ஒரியெமா கதை கட்டுகிறவர் அல்லர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற மனிதர். காட்டுச் சாலைகளில் பல வருடங்களாக, விலங்குகளைப் பார்க்க வரும் பயணிகளை ஏற்றிச் செல்கிறவர்.

அன்று காலையிலிருந்தே எதுவும் சரியில்லை. சிங்கம் கண்ணில் படவில்லை. ட்செட்சி ஈக்கள் மட்டும் விடாமல் கடித்தன. என்ஜின் இரண்டு முறை கொதித்தது. கம்பாலாவிலிருந்து மனைவியோடு வந்திருந்த காசூலே வாயை மூடவில்லை.

"என்ன டிரைவர், உங்க ஊர்ச் சிங்கமெல்லாம் லீவு போட்டிருச்சா?"

"விடுங்களேன். அவரா சிங்கத்தை ஒளிச்சு வச்சிருக்காரு?" என்றாள் அவர் மனைவி நம்புசி.

ஒரியெமா பல்லைக் கடித்துக்கொண்டார். இன்னொரு புகார் போனால் வண்டியைப் பிடுங்கிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். வண்டிகளை ஏற்றிக்கொண்டு நைல் நதியைக் கடக்கும் கடைசிப் படகு ஏழு மணிக்கு. அதை விட்டால் இரவு காட்டில்தான். புகார் நிச்சயம்.

அருவியில் காசூலே படம் எடுத்தார், எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெரிய நதி ஒரு பாறை இடுக்கில் புகுந்து விழுகிற இரைச்சலில், ஒரியெமா கூப்பிட்டது அவருக்குக் கேட்கவே இல்லை. கிளம்பும்போது மணி ஆறு தாண்டிவிட்டது.

முதல் வளைவில் மூன்று கிளைகள் கிடந்தன. வண்டி எதுவும் நிற்கவில்லை.

"எவனோ எடுக்காமப் போயிட்டான்!" ஒரியெமா எரிச்சலோடு ஒதுங்கி ஓட்டினார். ஒரு கிளையில் நீலத் துணி கட்டியிருந்தது.

அடுத்த வளைவிலும் மூன்று கிளைகள். அதே நீலத் துணி. அதே முடிச்சு.

"ஏய்யா, சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்கா வர்றே?" என்றார் காசூலே. குரலில் பழைய கிண்டல் இல்லை.

மூன்றாம் முறை, கிளைகள் சாலையை முழுதாக மறித்துக் கிடந்தன. என்ஜின் தானாக அணைந்தது.

ஒரியெமா இறங்கினார். நீலத் துணிக் கிளையைத் தொட்டார். வெட்டிய இடத்தில் பால் வடிந்தது. இலைகள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது.

டொக்...

காலி பிளாஸ்டிக் கேன் கல்லில் இடிக்கிற சத்தம். வளைவுக்கு அப்பால்.

டொக்... டொக்...

"ஏறுய்யா! படகு போயிடும்!" காசூலே கத்தினார்.

ஒரியெமாவுக்கும் ஆத்திரம்தான். ஆனால் வழியில் நிற்கிறவனிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்காமல் அவர் ஒருநாளும் போனதில்லை. தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு நடந்தார்.

"யாருப்பா? தண்ணி வேணுமா?"

சத்தம் நின்றது.

வளைவைத் தாண்டினார்.

ஆள் இல்லை.

சாலையும் இல்லை...

ஓடைப் பாலம் இடிந்து ஆழத்தில் கிடந்தது. விளிம்பில் ஈரக் காலடிகள். இந்தப் பக்கம் வந்தவை. திரும்பிப் போகவில்லை.

பாட்டிலை அங்கேயே வைத்தார். சிலுவை போட்டுக்கொண்டார். ஓடினார்.

சாவியை ஒரு முறை திருப்பியதுமே வண்டி கிளம்பியது. பழைய தடத்தில் சுற்றிக்கொண்டு கரைக்கு வந்தபோது ஏழரை. படகு நின்றிருந்தது.

"ஏண்ணே இவ்வளவு லேட்டு?" படகுக்காரன் சிடுசிடுத்தான். "உங்க ஆளு வந்து கெஞ்சினான்னுதான் நிக்கிறேன். 'இன்னொரு வண்டி வருது, விட்டுட்டுப் போயிடாதே'ன்னான். நீலச் சட்டை, கையில மஞ்சக் கேனு. ஆளு தொப்பலா நனைஞ்சிருந்தான். எங்கே அவன்?"

காசூலே புகார் கொடுக்கவில்லை.

பாலத்தைச் சரிசெய்ய வந்த சாலைப் பணியாளர்கள்தான் பிறகு சொன்னார்கள். பல வருடங்களுக்கு முன் அந்த இடத்தில் ஒரு லாரி நின்றதாம். ஓட்டுநர் தன் நீலச் சட்டையைக் கிழித்துக் கிளையில் கட்டி வைத்துவிட்டு, மஞ்சள் கேனோடு ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனானாம். கேன் மட்டும் அருவிக்குக் கீழே கிடைத்ததாம். லாரியை இழுத்துப் போய்விட்டார்கள். கிளைகளை யாரும் எடுக்கவில்லை.

பாலம் சரியானது. ஒரு விடியலில், பயணிகள் யாரும் இல்லாதபோது, ஒரியெமா அங்கே போனார். பாட்டில் அவர் வைத்த இடத்திலேயே, மூடி திறக்காமல், காலியாக இருந்தது. கிளைகள் வாடவே இல்லை.

இரண்டை இழுத்து ஓரத்தில் போட்டார்.

"நான் எடுத்துடுறேன் தம்பி. நீ போ" என்றார்.

நீலத் துணிக் கிளை பெரியது. தனி ஆளால் தூக்க முடியாதது. ஒரு முனையைப் பிடித்தார்.

மறுமுனை தானாக உயர்ந்தது.