பர்காவின் ஈற்றைத் தள்ளிப்போட்ட ஜிலானி

தூஸ் என்ற பாலைவன ஊருக்குப் பக்கத்து மணல்காட்டில் ஆடு மேய்த்த ஜிலானிக்குத் தன் வாய்க்கொழுப்பும் ஊசி மருந்தும் போதும், உலகத்தையே ஆட்டிவைத்துவிடலாம் என்ற நினைப்பு. பெருநாளுக்கு நல்ல விலை போகட்டும் என்று மந்தை மொத்தத்தின் பருவத்தையும் ஊசியால் நிறுத்திவைத்து, ஒரே சமயத்தில் சினையாக்கி ஈனவைப்பான்.

அந்த வாய்தான் மகள் திப்ராவின் வாழ்க்கையையும் கெடுத்தது. முயல் வேட்டையில் சம்பந்தி மன்சூரின் நாயைப் பார்த்து, "நொண்டி முயலைக்கூட உன் நாயால பிடிக்க முடியாது" என்று சிரித்தான். மன்சூர் பால்குடி மறக்காத பேரனை வைத்துக்கொண்டு மருமகளை மட்டும் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

பெரியவர்கள் பேசி முடித்தார்கள். ஜிலானியின் சினை வேட்டைநாய் பர்கா ஈனும்போது மன்சூர் வந்து, ஈரம் காயாத குட்டி ஒன்றைத் தன் கையாலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். மருமகளும் அவனோடு போவாள். அங்கே சமாதானம் என்றால் அப்படித்தான்.

பர்கா மூச்சிரைத்து மணலைப் பறிக்கத் தொடங்கிய அன்று, ஊர்த் திருவிழா முடிந்துதான் வருவேன் என்று மன்சூர் சொல்லியனுப்பினான். ஜிலானி ஆட்டு ஊசியை எடுத்தான்.

"ஆட்டுக்குப் போடுறத நாய்க்கா போடுற?" என்றாள் மனைவி கத்ரா.

"நாய்னு சொல்லாத. இது ஸ்லூகி, முயல் பிடிக்கிற உயர்ந்த சாதி. சம்பந்தி வர்ற வரைக்கும் பொறுத்துக்கும்."

கர்ப்பத்தைக் காக்கும் சுரப்பு உடம்பில் வடிந்தால்தான் வலி பிடிக்கும். வடிய வேண்டியதை அந்த மடையன் ஊசியால் நிரப்பினான். பர்கா பறிப்பதை நிறுத்தியது. ஜிலானி மீசையைத் தடவிக்கொண்டான். பிறகு வயிற்றில் குட்டிகளின் அசைவும் நின்றது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

மன்சூர் வந்தபோது கூடாரமே நாறியது. ஜிலானி வயிற்றை அமுக்கினான். பச்சை நீரோடு ஒரு குட்டி வந்தது. தோல் கையோடு உரிந்தது.

"இதையா என்னை எடுத்துக்கச் சொல்ற?" என்றான் மன்சூர்.

"உள்ள இன்னும் இருக்கு சம்பந்தி."

"உன் மருந்தும் இருக்குல்ல." மன்சூர் தேநீரைத் தொடாமல் எழுந்தான். "பேச்சுன்னா பேச்சுதான். பர்காவோட அடுத்த ஈத்துல வந்து எடுத்துக்கறேன். அது வரைக்கும் பொண்ணு இங்கேயே இருக்கட்டும்."

அந்த நிலையிலும் தோற்றதாகக் காட்டிக்கொள்ள ஜிலானிக்கு மனம் வரவில்லை. "அதுக்கென்ன, அடுத்த ஈத்துல தங்கம் மாதிரி குட்டி தர்றேன்" என்றான்.

திப்ரா பர்காவின் கழுத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பால் கட்டி அவள் மேலாடை நனைந்திருந்தது.

"அப்பா," என்றாள், "பர்கா செத்துப்போச்சு."