தம்பியைத் தேடிய காலை

ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தாள் மகள். "புஸ்கார்னா தேடுறதும்மா. 'தேடினேன்'னு எழுதுனா, புஸ்கே. 'சி' போயி 'கியூ, யு' வரும். சத்தம் மாறாதுலா," என்றாள்.

தேடினேன் என்றதும் பழைய ஒரு காலை நினைவுக்கு வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. கோலா சுங்கை பாரு மீன் பசாரில், நண்டு பார்க்கும் ஆசையில் தம்பியின் கையை விட்டுவிட்டேன். கூடைகளுக்கு நடுவே ஓடி ஓடித் தேடினேன். கடல் பக்கம் போகப் பயமாக இருந்தது. கடைசியில் அங்கேதான், இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தான். இழுத்து வந்தேன்.

"ஏன்டா நனைஞ்சிருக்க? எங்க போன?" அம்மா கத்தினார்.

நான்கு வயதுத் தம்பி என் முகத்தைப் பார்த்தான். "எங்கயும் போகல. அக்கா கூடதான் இருந்தேன்."

மகள் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள். நான் தம்பிக்குப் போன் போட்டேன்.