நாலு பத்து பஸ்ஸும் முதல் ஜானமும்

வெள்ளி, காலை 7.20. ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். தூரத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், பதினைந்து ரூபாய் டிக்கெட். அங்கிருந்து வத்திராயிருப்பு வழியாகப் பிளவக்கல் அணைப் பக்கம் இன்னும் ஒரு இருபத்தெட்டு. இந்த நாற்பது கிலோமீட்டரை இரண்டு முறை போய் வந்தும், சேர வேண்டிய இடத்துக்கு நான் சேரவில்லை. இது மூன்றாவது முறை.

போவதற்குக் காரணம் என் வாய். இருபத்திரண்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். பழக வந்தவர்களைத் திட்டித் திட்டியே வாய் வளர்ந்துவிட்டது. என் மகள் கார் பழக வேண்டும் என்றபோது, என்னிடம் வராமல் பக்கத்துத் தெரு ஸ்கூலில் சேர்ந்தாள். மானம் போனதுகூடப் பரவாயில்லை. அவள் அங்கே சிரித்துக்கொண்டே ஓட்டியதைப் பார்த்தேன், அதுதான் வலித்தது.

11.00. தென்னந்தோப்பு. தியானம் சொல்லிக்கொடுக்கும் வேலுச்சாமி பட்டாளத்திலிருந்து திரும்பியவர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். வடக்கே மலையில் காவல் நின்ற காலத்தில் ஒரு பௌத்த பிக்குவிடம் ஜானம் பழகியிருக்கிறார். மூச்சு ஒன்றிலேயே மனம் நிலைத்து, உடம்பே மறந்து, உள்ளே சந்தோஷம் ஊறும் நிலைக்கு ஜானம் என்று பெயர். நான்கு படிகளாம். முதல் படி கிடைத்தாலே என் கோபம் இறங்கிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

“உக்காருறதுக்கு முன்னால, எப்ப எந்திரிக்கணும்னு ஒரு நினைப்பு வைங்க அண்ணாச்சி. பொறவு அதை விட்டுருங்க. அது வேலையை அது பாத்துக்கிடும்” என்றார். இதற்குச் சங்கல்பம் என்று பெயர்.

நான் வைத்த சங்கல்பம் வேறு: இன்றைக்கு ஜானத்தைப் பிடிக்காமல் விடுவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூச்சை, பழக வந்தவரைப் பார்ப்பது போலவே பார்த்தேன். ஏன் இந்த வேகம், ஏன் இழுக்கிறது, கியரை மாற்று. நடுவில் வலது கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. மிதி, என்னைப் போலவே பழக வந்து முன்னால் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டையாவின் முதுகில் பட்டது.

“ஏலே, எவன் அது?” என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

சனி, காலை 9.00. வேலுச்சாமி உட்கார்ந்தார். மூன்றடி தள்ளி ஒரு தேங்காய் விழுந்தது. மனுஷன் அசையவில்லை. சரியாகப் பத்துக்குக் கண்ணைத் திறந்து, எழுந்து போய் மோட்டாரைப் போட்டார்.

“எப்படித் தெரிஞ்சது?” என்று கேட்டேன்.

“த்ரீ ஃபேஸ் கரண்டு பத்துக்குத்தான வரும். பத்துக்கு எந்திரிக்கணும்னு வச்சேன். தென்னைக்குத் தண்ணி பாயணும்ல.”

நிர்வாணத்துக்கும் நீர்ப்பாசனத்துக்கும் ஒரே மனத்தை வைத்துச் சமாளிக்கிறாரே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஞாயிறு, பகல் 2.30. தோற்றுப்போய்ப் பையைக் கட்டினேன். நாலு பத்துக்கு பஸ். சும்மா இருக்கும் நேரத்துக்கு உட்காருவோம் என்று, அந்த பஸ்ஸை விடக்கூடாது என்பதை மட்டும் நினைத்துக் கண்ணை மூடினேன்.

பிறகு நடந்ததை எழுத வரவில்லை. மூச்சு மெலிந்தது. கை கால் எங்கே என்று தெரியவில்லை. காரணமே இல்லாமல் ஒரு சந்தோஷம், தொண்டை வரைக்கும். அப்புறம் கண் தானாகத் திறந்தது. மணி நாலு. பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

வேலுச்சாமி பின்னாலேயே வந்தார். “ஒன்றரை மணி நேரம் ஆடாம அசையாம இருந்தீகளே. இதுக்குத்தான மூணு தடவை வந்தீக. ஏன் எந்திரிச்சீக?”

“பஸ்ஸுக்கு.”

“என்ன நினைப்பு வச்சு உக்காந்தீக?”

“நாலு பத்து பஸ்ஸை விடக்கூடாதுன்னு.”

அவர் ரோட்டைப் பார்த்துக் கை காட்டினார். “அப்ப ஏறுங்க” என்றார். பஸ் வந்துகொண்டிருந்தது.

வ. புதுப்பட்டித் திருப்பத்தில் டிரைவர் இண்டிகேட்டர் போடாமல் திருப்பினார். கோபத்தைத் தேடினேன், இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் இல்லை. பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது, கோபமும் கூடவே வந்துவிட்டது. தோப்பில் தேங்காய் மட்டும்தான் குறுக்கே விழும். எங்கள் ராஜபாளையம் ரோட்டில் எதுவும் விழும். தோப்பில் கிடைத்த அமைதி அங்கே போய்த் தாங்காது என்று பயம் வந்தது. பஸ் ஸ்டாண்டிலேயே நின்று மகளுக்குப் போன் போட்டேன்.

“நாளைக்குக் காலையில அப்பா கூட வண்டி ஓட்டுதியாம்மா?”

“எம்புட்டு நேரம் திட்டாம இருப்பீங்க?” என்றாள்.

“நாலு கிலோமீட்டர்” என்றேன். அதற்கு மேல் சங்கல்பம் வைக்க எனக்குத் தைரியம் இல்லை.