சந்தோசம் வேண்டாமென்ற கனகரண்ணை

என் பிசியோ உதவியாளர் வேலையில் நான் செய்த ஆகப் பெரிய மடத்தனம் 2009 மே மாதத்தில் நடந்தது. ஊரில், இலங்கையில், போர் முடிந்த நேரம்.

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் சின்ன கிளினிக். இதய நோயாளிகளுக்கு வியாழன்தோறும் உடற்பயிற்சி கொடுப்போம். பக்கத்து யூனியன்வில்லில் இருந்து வரும் கனகரண்ணைக்கு பைபாஸ் செய்து மூன்று மாதம்தான். நடையை விட்டால் ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பக்கத்து ட்ரெட்மில்லில் செல்வமண்ணை. இருவரும் கால்களைவிட வாயால்தான் அதிக தூரம் போவார்கள். போர் முடிந்த கிழமை கனகரண்ணை வரவில்லை. அடுத்த கிழமையும் இல்லை.

மூளையும் உடற்பயிற்சியும் பற்றி அப்போதுதான் ஒரு வேர்க்‌ஷொப் முடித்திருந்தேன். அரைகுறைப் படிப்பு சும்மா இருக்குமா? போனை எடுத்தேன்.

"அண்ணை, வந்து நடவுங்கோ. மூளையில டோபமைன் சுரக்கும், சந்தோசமா இருக்கும்."

"தங்கச்சி, அங்க சனம் செத்துக் கிடக்குது. அக்கா குடும்பம் எங்கயெண்டு தெரியேல்லை. எனக்கு உந்தச் சந்தோசம் வேணுமோ? வையும் போனை!"

வெட்கத்தில் காது சுட்டது. செத்த வீட்டில் போய்ச் சிரிக்கச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. இத்தனைக்கும் நானும் அதே ஊர்க்காரி.

எங்கள் பிசியோ சென்னைக்காரி. விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"டோபமைன்னா சந்தோஷ மருந்துன்னு யார் சொன்னா? அது 'போ, போ'ன்னு தள்ளுற சாமான். ஒரு இடத்துக்குப் போனா இது கிடைக்கும்னு மூளை பழகிடும். அப்புறம் கிளம்புற நேரம் வந்தாலே கால் பரபரக்கும். அவருக்கு இங்க என்ன கிடைச்சுது?"

யோசித்தேன். உடல்நலமா? மண்ணாங்கட்டி! செல்வமண்ணையோடு சண்டைதான் கிடைத்தது.

செல்வமண்ணையிடமே போனைக் கொடுத்தேன். அவர் சுகம்கூட விசாரிக்கவில்லை.

"கனகர், உம்மட மெசினில வேற ஆளை ஏத்தப் பாக்கினம். நான் மறிச்சு வைச்சிருக்கிறன். கெதியா வாரும்."

வியாழக்கிழமை வந்தார். இருவரும் பேசாமல் நடந்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது பெரிய தண்டனை. இரண்டு கிழமை அப்படியே போனது.

மூன்றாவது கிழமை, பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழுக்கு நண்டை எப்போது போடுவது என்று வாக்குவாதம் கிளம்பியது. "உமக்குச் சமையலும் தெரியாது, நடையும் தெரியாது" என்றார் செல்வமண்ணை. கனகரண்ணை வாய்விட்டுச் சிரித்தார். உடனே வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, சிரிச்சுப்போட்டன். பிழையோ?"

"இல்லை அண்ணை" என்று மட்டும் சொன்னேன்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எவருக்கும் சந்தோசம் வரும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒருவர் வராத நாளில் அவரைத் தேடுவதற்கு இங்கே ஓர் ஆளை உண்டாக்குங்கள். கனகரண்ணையின் அக்காவைப் பற்றி அதற்குப் பிறகும் தகவல் வரவில்லை. ஆனாலும் கனகரண்ணை ஒரு வியாழனும் வரத் தவறவில்லை.